தலைக்கு மேலே இடம் விட்ட படங்கள்: கறுப்பினத்தவரின் இயல்பான முடியும் உருவப்படக் கலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பினக் கலைஞர்களின் உருவப்படங்களை நண்பர்களுக்குக் காட்டும்போதெல்லாம் முதலில் வருவது முகத்தைப் பற்றிய கேள்வி இல்லை, முடியைப் பற்றியதுதான். "இவ்வளவு பெரிய முடியை ஏன் இப்படி வரைந்திருக்கிறார்கள்?", "இதில் என்ன அரசியல் இருக்கிறது?", "முடிக்காகவா வேலை போகும்?" இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இயல்பான முடி" என்று எதைச் சொல்கிறார்கள்?

ரசாயனம் போட்டோ சூடு வைத்தோ நேராக்காத முடியை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு முடி வேரிலிருந்தே வளைந்து, இறுக்கமான சுருள்களாக வளரும். மயிர்க்கால் தோலுக்கு அடியிலேயே வளைந்திருக்கிறது. முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலையில் சுரக்கும் எண்ணெய் அந்தச் சுருள்களின் வழியே நுனிவரை இறங்குவது கடினம். அதனால் முடி சீக்கிரம் வறண்டுவிடும், அவசரமாக வாரினால் ஒடியும். இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும் முடி, கையை விட்டதும் காதுக்கு மேலே சுருண்டுகொள்ளும்.

இந்த முடியை வைத்துக்கொள்ளும் விதங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அப்படியே உருண்டையாக வளரவிட்டால் ஆஃப்ரோ. மண்டையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னினால் கார்ன்ரோ. இரண்டு இழைகளை முறுக்கினால் ட்விஸ்ட். சிக்கவிட்டுக் கயிறு கயிறாகத் திரண்டால் லாக்ஸ். நாம் பழக்கத்தில் 'ட்ரெட்லாக்ஸ்' என்கிறோம். 'ட்ரெட்' என்ற சொல்லுக்கு அச்சம் என்று பொருள் என்பதால் பலர் அந்தப் பாதியை விட்டுவிட்டு வெறும் 'லாக்ஸ்' என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பின்னலும் முறுக்கலும் அழகுக்கு மட்டும் செய்வதில்லை. ஒடியக்கூடிய முடியை ஒடியாமல் காக்கிற வழியும் அதுதான். நீதிமன்றக் கதைகள் வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

முடி எல்லாருக்கும்தான் இருக்கிறது. இதற்கென்று ஏன் தனியாக ஒரு கலை?

இந்த முடியைச் சட்டம் போட்டு மறைத்திருக்கிறார்கள், இனம் பார்க்க அளந்தும் இருக்கிறார்கள் என்பதால்.

1786-இல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை போட்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்கள்கூடத் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும். அந்தத் தலைக்கட்டுக்கு 'டின்யோன்' என்று பெயர். அந்தப் பெண்கள் நல்ல விலையுயர்ந்த துணியாக எடுத்து, உயரமாகக் கட்டி, நகையும் செருகி அதையே அலங்காரம் ஆக்கிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸில் வரையப்பட்ட கறுப்பினப் பெண்களின் உருவப்படங்களில் இந்தக் கட்டைப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை ஒதுக்கியது. யார் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் அதிகாரி ஒரு பென்சிலை எடுத்து முடிக்குள் செருகுவார். பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதெல்லாம் அந்த இனப்பதிவைப் பொறுத்திருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பியே வேறு வேறு இனமாகப் பிரிக்கப்பட்டதும் உண்டு.

அதே முடியை ஓர் ஓவியர் பென்சில் எடுத்து ஒவ்வொரு சுருளாக, பொறுமையாக வரைகிறார் என்றால் அதில் இந்த வரலாறும் சேர்ந்தே இருக்கிறது.

இந்தக் கலை எங்கே, எப்போது தொடங்கியது?

ஒரே இடத்தைச் சொல்ல முடியாது. ஆனால் 1960-களில் மூன்று பேர் மூன்று வழியில் செய்ததைச் சொல்லலாம்.

முதலாமவர் குவாமே பிராத்வைட், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இயங்கிய புகைப்படக்காரர். 1962 ஜனவரி 28 அன்று, அவரும் அவருடைய அண்ணனும் நண்பர்களும் 'நேச்சுரலி 62' என்ற ஃபேஷன் நிகழ்ச்சியை நடத்தினார்கள். மேடையேறிய பெண்கள் முடியை நேராக்காமல் வந்தார்கள். 'கிரண்டாசா மாடல்ஸ்' என்பது அந்தக் குழுவின் பெயர். அந்தக் காலத்தில் கறுப்பினப் பத்திரிகைகளில்கூட விளம்பரப் பெண்ணின் முடி நேராகத்தான் இருக்கும். குவாமே எடுத்த படங்கள்தான் 'கறுப்பு அழகு' என்ற முழக்கத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தன.

இரண்டாமவர் நைஜீரியாவின் ஜே. டி. ஒகாய் ஒஜெய்கெரே. மூன்றாமவர் பிலடெல்ஃபியாவில் பிறந்த ஓவியர் பார்க்லி ஹெண்ட்ரிக்ஸ். இந்த இருவரைப் பற்றியும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

ஒஜெய்கெரே ஏன் பின்னந்தலையைப் படம் எடுத்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1968-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் நைஜீரியப் பெண்களின் சிகை அலங்காரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்தார். தெருவில், கல்யாண வீட்டில், அலுவலகத்தில் என்று எங்கே ஒரு நல்ல பின்னலைப் பார்த்தாலும் நிறுத்திக் கேட்டுவிடுவார். அப்படி ஏறத்தாழ ஆயிரம் படங்கள் சேர்ந்தன.

பெரும்பாலான படங்களில் முகமே தெரியாது. பின்னால் வெறும் திரை. கழுத்து, தோளின் ஒரு விளிம்பு, அதற்கு மேலே முடி. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வகிடுகள் கண்ணில் படத் தொடங்கும். மண்டையில் எலிவால் சீப்பின் முனையால் கிழித்த நேர்க்கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஒரே தடிமனில் ஓடும் பின்னல், எல்லாம் உச்சியில் வந்து கூடும் இடத்தில் ஒரு கோபுரம். நூல் சுற்றிய முடிக்கற்றைகள் கம்பிபோல நிமிர்ந்து நின்று, வளைந்து மறுபடியும் தலையைத் தொடுகின்றன. ஒரு அலங்காரத்தின் பெயர் 'ஓனிலே கொகொரோ'. உயரமான வீடு என்று அர்த்தம். 1960-இல் சுதந்திரம் வாங்கிய நாட்டில் மாடிக்கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பெண்கள் அதைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

முகம் இல்லாததால் பின்னியவரின் கை தெரிகிறது என்பது என் எண்ணம். முகம் இருந்தால் நம் கண் அங்கே போய்விடும். முடி வெறும் படச்சட்டமாகிவிடும். இங்கே முடிதான் ஆள். சில வாரங்களில் அவிழ்த்துவிடும் பின்னல் அது. படம் இல்லையென்றால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஒஜெய்கெரே 2014-இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் இந்தப் படங்கள் வைக்கப்பட்டன.

அமெரிக்கக் கலைஞர் லோர்னா சிம்ப்சனும் பின்னந்தலையைத்தான் எடுத்தார், ஆனால் வேறு நோக்கத்தோடு. 1988-இல் அவர் செய்த 'ஸ்டீரியோ ஸ்டைல்ஸ்' என்ற படைப்பில் பத்து போலராய்டு படங்கள். ஒரே பெண், பத்து அலங்காரம், ஒன்றிலும் முகம் இல்லை. நடுவே அழகுசாதன விளம்பரங்களில் வருவதுபோன்ற அடைமொழிகள் பொறித்த பலகைகள். துணிச்சலானவள், விவேகமானவள், கண்டிப்பானவள் என்று ஊர் ஒரு பெண்ணின் முடியைப் பார்த்தே குணத்தை எழுதிவிடும். அவள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பல படங்களில் தங்கம் இருக்கிறதே, அது ஏன்?

ஹெண்ட்ரிக்ஸிடம் போகலாம். 1969-இல் அவர் வரைந்த 'லாடி மாமா' நியூயார்க்கில் ஹார்லெமின் ஸ்டுடியோ மியூசியத் தொகுப்பில் இருக்கிறது. மேற்பக்கம் வளைவாக முடியும் கித்தான், தேவாலயத்தில் புனிதர் படம் இருக்கும் மாடம்போல. பின்னணி முழுக்கத் தங்க ரேக்கு. அதன்முன் ஒரு இளம்பெண், ஒரு கையை மடித்து மறு கையைப் பிடித்தபடி நேராக நம்மைப் பார்க்கிறார். அவர் தலையைச் சுற்றி வட்டமான ஆஃப்ரோ. பழைய பைசாந்தியப் பேரரசின் கிறித்தவப் புனிதர் படங்களில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடுவார்கள். இங்கே தனியாக ஒளிவட்டம் தேவைப்படவில்லை. முடியே அந்த இடத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் தலைவரோ நடிகையோ இல்லை, ஓவியரின் உறவுக்காரப் பெண். எனக்கு அதுதான் இந்தப் படத்தில் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

அரை நூற்றாண்டு கழித்து டானி சாட்மன் என்ற புகைப்படக் கலைஞர் அதே தங்கத்தை எடுத்தார். விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். தன் அப்பா புற்றுநோயோடு போராடிய நாட்களைப் படமெடுத்த பிறகு அவர் பாதை மாறியது. 'தி ரிடெம்ப்ஷன்' என்ற வரிசையில் கறுப்பினக் குழந்தைகளைப் படமெடுத்து, கணினியில் அவர்களுடைய முடியை இன்னும் பெரிதாக்கி, அச்சிட்டு, அப்புறம் அச்சின் மேலேயே வண்ணமும் 24 கேரட் தங்க ரேக்கும் கையால் ஒட்டுகிறார். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் தங்க ஓவியங்கள் அவருக்குத் தூண்டுதல். உடை முழுக்கப் பொன் வட்டங்களும் சுழிகளும் மின்ன, அதற்கு மேலே எந்தப் பூச்சும் இல்லாமல் முடி கறுப்பாக, மேகம்போல நிற்கும். பள்ளியில் "இந்த முடியோடு வராதே" என்று சொல்லப்படக்கூடிய வயதுக் குழந்தைகள் அவர்கள்.

சீப்புகளால் செய்த உருவப்படம் என்று ஒன்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. சோன்யா கிளார்க் 2008-இல் செய்தது. 3,840 கறுப்பு பிளாஸ்டிக் சீப்புகள், சுமார் பத்தடி உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் மேடம் சி. ஜே. வாக்கரின் முகம். கிட்டே போனால் சீப்பும் பல்லும்தான். பற்களை உடைத்து எடுத்த இடத்தில் வெளிச்சம், விட்ட இடத்தில் நிழல். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பிளான்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாக்கர் 1867-இல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். கறுப்பினப் பெண்களுக்கான முடிப் பராமரிப்புப் பொருட்களை விற்று, ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, பெரும் பணக்காரர் ஆனார். அவரைச் சட்டைப்பையில் வைக்கும் மலிவான நெருக்கப்பல் சீப்பால் உருவாக்கியிருக்கிறார் கிளார்க். அந்தச் சீப்பு சுருள்முடிக்குள் இறங்கவே இறங்காது, பல் உடைந்துவிடும்.

கிளார்க் செய்த இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். 'ஹேர் கிராஃப்ட் ப்ராஜெக்ட்' என்பது பெயர். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் முடி பின்னும் பெண்களை அழைத்துத் தன் தலையையே கொடுத்தார். அதே பெண்கள் கித்தானில் பட்டு நூலைக் கொண்டும் பின்னினார்கள். இரண்டையும் கண்காட்சியில் வைத்து, பின்னியவர்களின் பெயர்களையும் கலைஞர்கள் என்றே போட்டார். 2014-இல் அது ஆர்ட்பிரைஸ் என்ற அமெரிக்கக் கலை விருதைப் பெற்றது. நாள் முழுக்க நின்று, விரல் நோகப் பின்னும் ஒரு தொழிலுக்குக் கிடைத்த மரியாதை அது.

முடிக்காக உண்மையிலேயே வேலை போகிறதா?

போயிருக்கிறது. நீதிமன்றமும் அதைச் சரி என்று சொல்லியிருக்கிறது.

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கறுப்பினப் பெண் ஒருவர் கார்ன்ரோ பின்னலுக்குத் தடை போட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார், தோற்றார். ஒரு வெள்ளை நடிகை திரைப்படத்தில் அப்படிப் பின்னிக்கொண்டு வந்து அது பிரபலமான பிறகுதான் இவர் பின்னிக்கொண்டார் என்ற நிறுவனத்தின் வாதத்தையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் பின்னிவந்த பின்னலை ஒரு சினிமாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2010-இல் அலபாமா மாநிலத்தின் மொபில் நகரில் இன்னொரு கறுப்பினப் பெண். வாடிக்கையாளர் சேவை வேலைக்குத் தேர்வாகிவிட்டார். லாக்ஸை வெட்டினால்தான் வேலை என்றார்கள். அவர் மறுக்க, வேலை போனது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அலங்காரத்தை மாற்றிக்கொள்ளலாமே, தோலைப் போல அது மாற்ற முடியாதது இல்லையே?

நீதிமன்றங்களும் இதையேதான் சொல்லின. பிறப்பிலேயே வந்து மாற்ற முடியாததாக இருந்தால்தான் இனப்பாகுபாடு. அதன்படி ஆஃப்ரோவுக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம், பின்னலுக்கும் லாக்ஸுக்கும் கிடைக்காது.

கேட்க நியாயமாக இருக்கும். தலையில் வைத்துப் பாருங்கள். சுருள்முடியை விரித்துவிட்டால் "கலைந்திருக்கிறது" என்கிறார்கள். பின்னினால் "அலுவலகத்துக்குப் பொருந்தாது" என்கிறார்கள். மிச்சம் என்ன? ரசாயனத்தால் நேராக்குவது, விக் வைப்பது, ஒட்ட வெட்டுவது. நேர்முடிக்காரருக்கு "முடியைச் சீவிக்கொண்டு வா" என்பது ஐந்து நிமிட வேலை. இவர்களுக்கு அது காசு, பல மணி நேரம், தலை எரிச்சல்.

நேராக்குவதில் அப்படி என்ன ஆபத்து?

ரிலாக்ஸர் எனப்படும் நேராக்கும் களிம்பு பல வகைகளில் கடும் காரம். கூடுதல் நேரம் வைத்தால் தலைத்தோல் புண்ணாகும். 2022-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு. நேராக்கும் பொருட்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் தெரிந்தது. 70 வயதுக்குள் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்பது 4.05 சதவீதம் ஆகிறது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் வேலைக்காக ஒரு பெண் எடுத்துக்கொள்ள வேண்டிய அபாயமா இது?

அப்படியானால் நேராக்கிக்கொள்ளும் பெண்களை இந்தக் கலை குறை சொல்கிறதா?

இல்லை. நல்ல படைப்பு எதுவும் அப்படிச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. வாக்கரை அத்தனை சீப்பால் கொண்டாடிய கிளார்க்கைப் பாருங்கள். மிஷெல் ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தை 2018-இல் வரைந்த ஏமி ஷெரால்ட், அவருடைய முடியை வழிந்து விழும் அலைகளாகத்தான் வரைந்தார். கேள்வி அந்தப் பெண்ணிடம் இல்லை, அவளுக்கு வேறு வழி விடாதவர்களிடம்.

பள்ளிகளில் நிலைமை எப்படி?

2016 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள், ஆஃப்ரோவைக் கட்டுப்படுத்தும் விதிகளை எதிர்த்து நின்றார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி முஷ்டியைத் தலைக்கு மேல் மடக்கி உயர்த்தி நிற்கும் படம் உலகம் முழுக்கப் போனது. மேலே முஷ்டி, கீழே உருண்டையான முடி. யாரோ அவசரத்தில் எடுத்த படம், ஆனால் என் கணக்கில் அதுவும் ஒரு உருவப்படம்தான்.

2018 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மல்யுத்தப் போட்டிக்கு வந்த பள்ளி மாணவனிடம், லாக்ஸை வெட்டு, இல்லையென்றால் தோற்றதாக அறிவிப்பேன் என்றார் நடுவர். அரங்கத்தின் ஓரத்திலேயே கத்தரிக்கோலால் வெட்டினார்கள். அவன் ஜெயித்தான். அந்தக் காணொளியில் ஜெயித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், சிரிப்பே இருக்காது.

கிரௌன் சட்டம் என்பது என்ன?

முடியின் தன்மையையும் பின்னல், ட்விஸ்ட், லாக்ஸ் போன்ற அலங்காரங்களையும் இனத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டு, அவற்றை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலையில் முதலில் கொண்டுவந்தது. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நாடு முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, மேலவையான செனட்டில் நின்றுபோனது. பிரான்சிலும் 2024 மார்ச்சில் கீழவை இப்படி ஒரு மசோதாவை ஏற்றது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. அதே வாரத்தில் அங்கே ஒரு மாணவனை லாக்ஸுக்காக வகுப்பிலிருந்து வெளியே வைத்தார்கள். அவன் முடியைத் தூக்கிக் கட்டித்தான் வைத்திருந்தான். அவிழ்த்துவிட்டால் புருவத்துக்கும் காதுமடலுக்கும் கீழே வரும் என்பது பள்ளியின் குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பு சொன்னார். சட்டம் அலங்காரத்தைத்தான் சொல்கிறது, நீளத்தைச் சொல்லவில்லையாம்.

நமக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது, நேரடியாகவே. திருமலையிலும் பிற கோயில்களிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போகிறது. சென்னையிலும் ஆந்திராவிலும் உள்ள நிறுவனங்கள் அதை வாங்கி, நீளவாரியாகப் பிரித்து, சிக்கெடுத்து, அலசி ஏற்றுமதி செய்கின்றன. விக்காகவும் தலையில் தைக்கும் இணைப்பு முடியாகவும் அது போய்ச்சேரும் இடங்களில் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள கறுப்பினப் பெண்களின் தலையும் ஒன்று. நம் வீட்டுப் பெண் நேர்ந்துகொண்டு இறக்கிய முடி, இன்னொரு நாட்டில் ஒரு பெண் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது தன் சொந்த முடியை மறைக்கப் போகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒஜெய்கெரேயின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

அந்த முடியைத் தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. கேட்டுவிட்டும் தொட வேண்டாம், கேட்பதே தொந்தரவு.

நான் ஓவியம் பழகுகிறேன். சுருள்முடியை வரைய என்ன கவனிக்க வேண்டும்?

பலரும் செய்யும் தவறு, முகத்தை மணிக்கணக்கில் வரைந்துவிட்டு முடியைக் கறுப்பால் நிரப்பிவிடுவது. கறுப்பு முடியில் ஒளி நேர்முடியில்போல ஒரே பளபளப்புப் பட்டையாக விழாது. ஒவ்வொரு சுருளின் வளைவிலும் சின்னச் சின்னதாகச் சிதறும். பழுப்பு, நீலம், சிவப்புச் சாயல்கூடத் தெரியும். விளிம்பைக் கத்தரித்த மாதிரி வரையாதீர்கள். அங்கே ஒற்றை ஒற்றைச் சுருள்கள் பின்னணிக்குள் கலந்திருக்கும். நெற்றியோரம் இருக்கும் பூனைமுடியை விடாதீர்கள். பின்னல் என்றால் முதலில் வகிடுகளைப் போடுங்கள். வகிடு சரியாக விழுந்தால் பின்னல் தானாக உட்காரும்.

தொடங்கும்போது தாளில் முகத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். முகத்தை நடுவில் வைத்துத் தொடங்கினால், உச்சிக்கு வரும்போது தாள் முடிந்துவிடும். அப்போது முடியை நறுக்க வேண்டிவரும்.